ஊரார் பணமும் உள்ளாட்சியாளர் கடமையும்

(உள்ளாட்சி நிர்வாகம் பயிலும் மாணவர்களும் ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரை)



உள்ளாட்சி அமைப்புகளின் வாயிலாகச் செலவாகும் பொதுப் பணத்தைப் பற்றியும், அதனைச் செலவிடும் மக்கள் பிரதிநிதிகளின் கடமையைப் பற்றியும் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நமது நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகள் உள்ளன. 1992ஆம் ஆண்டில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இவற்றுக்கு நிலையான இடத்தை அளித்தது. பதினொன்றாம் அட்டவணையில் 29 துறைகள் இவற்றுக்கெனக் குறிக்கப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல இவற்றுக்கு வரும் நிதியும் பெருகியது. பதினான்காவது நிதிக் குழு 2015-20 காலத்திற்குக் கிராம ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் ரூ. 2,00,292 கோடி. பதினைந்தாவது நிதிக் குழு 2021-26 காலத்திற்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது ரூ. 2,36,805 கோடி. மாநில அரசுகள் தரும் நிதியும் ஊராட்சிகள் தாமே திரட்டும் வரிகளும் இதில் அடங்கா.

இத்துணைப் பெருந்தொகையைச் செலவிடுவோர் பெரும்பாலும் நம்மிடையே வாழும் எளிய மனிதர்கள். ஊராரின் வாக்கைப் பெற்றுப் பொறுப்பேற்றவர்கள். அவர்கள் எத்தகைய கடமைக்கு உட்பட்டவர்கள், அக்கடமையை அவர்கள் நிறைவேற்றுகின்றனரா என்பதை யார், எவ்விடத்தில், எவ்வாறு அறிவது என்பதே நாம் இன்று ஆராய வேண்டிய வினா.

நாணயமும் பொறுப்பும்

ஊராட்சித் தலைவர் நல்லவராக இருந்தால் போதும், பணம் பழுதின்றிச் செலவாகும் என்று கருதுவோர் பலர். தனிமனித நாணயம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், நாணயம் என்பது ஒருவரின் உள்ளத்தில் உள்ளது; அதனை வெளியிலிருந்து அளந்தறிய வழியில்லை. கணக்குக் காட்டும் பொறுப்போ பலர் முன்னிலையில் நிறைவேற்றப்பட வேண்டியது. முன்னது ஒருவரின் குணத்தைச் சார்ந்தது; பின்னது அவர் வகிக்கும் பதவியைச் சார்ந்தது. நல்லவர் என்று பெயரெடுத்த தலைவரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரே. பணம் அவருடையதன்று என்பதே இதற்குக் காரணம்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகின்றன. வாரியப் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர் என்பது அவற்றில் காணும் விதி. கையாடல் செய்தார் என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும் என அவ்விதி எதிர்பார்க்கவில்லை. கணக்குக் காட்டாமையே குற்றமாகக் கொள்ளப்பட்டது. அக்காலச் சபைகள் எல்லா மக்களுக்கும் இடமளித்தவை அல்ல. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரியவை. அக்குறையை நாம் மறத்தல் கூடாது. ஆயினும் கணக்கைப் பற்றிய அந்த விதியின் கூர்மை இன்றும் நமக்குப் பயன்படக் கூடியது.

இக்காலச் சட்டமும் பொறுப்பைத் தெளிவாகவே வகுத்துள்ளது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பொதுக் கடமையை ஆற்றும் பதவியில் இருப்போரையும் பொது ஊழியர் என்னும் சொல்லில் அடக்குகிறது. நகராட்சி மன்ற உறுப்பினரும் அச்சட்டத்தின்படி பொது ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனவே தாம் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று கூறி எவரும் ஒதுங்கிவிட இயலாது.

குற்றத்தின் பல வடிவங்கள்

பொதுப் பணத்தில் நேரும் தவறு என்றதும் நம் நினைவுக்கு வருவது கையாடல். ஆனால் கையாடலுக்கு உட்படாத தவறுகளும் உள்ளன. தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவுக்கு வேண்டும் என்று ஊரார் கூறியிருக்க, அது தலைவரின் உறவினர் வாழும் தெருவில் கட்டப்படுகிறது. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. தொட்டியும் உறுதியாக நிற்கிறது. எனினும், கடைக்கோடியில் வாழும் தாழ்த்தப்பட்ட மக்களின் பெண்கள் முன்போலவே குடத்தைச் சுமந்து நடக்கின்றனர். இதுவும் பொதுப் பணத்தைத் தவறாகச் செலவிட்டதேயாகும்.

பணி ஒன்று, அதனை எடுத்தவர் தலைவரின் மைத்துனர். ஒப்பந்தப் புள்ளிகள் முறைப்படி பெறப்பட்டுள்ளன. ஆனால் மூன்று புள்ளிகளும் ஒருவர் கையெழுத்தாகவே தோன்றுகின்றன. வேறோர் ஊரில், வீட்டு வசதித் திட்டத்தில் பயனடைவோர் பட்டியல் கிராம சபையில் முடிவு செய்யப்பட்டதாகத் தீர்மானப் புத்தகம் கூறுகிறது. அவ்வாறு ஒரு கூட்டம் நடந்ததை ஊரில் எவரும் அறியார். இவற்றில் எதனையும் ஆண்டு இறுதியில் வரும் கூட்டல் கழித்தல் காட்டிக் கொடுக்காது.

தணிக்கையின் எல்லை

ஒரு சிற்றூர்ச் சாலை எவ்வாறு கணக்கில் ஏறுகிறது என்பதை அலுவலர்களாகிய நீங்கள் நன்கறிவீர்கள். மாணவர்களின் பொருட்டு அதனைக் கூறுகிறேன். முதலில் மதிப்பீடு தயாராகிறது. அதற்குத் தொழில்நுட்ப ஒப்புதலும் நிர்வாக அனுமதியும் கிடைக்கின்றன. பணி ஆணை பிறக்கிறது. வேலை செய்தோரின் பெயர்கள் மஸ்டர் ரோலில் ஏறுகின்றன. பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். பட்டியல் தயாராகிப் பணம் வழங்கப்படுகிறது. இறுதியில், தொகை எந்த நோக்கத்திற்கு வழங்கப்பட்டதோ அதற்கே செலவாயிற்று என்று கூறும் பயன்பாட்டுச் சான்றிதழ் மேலிடத்திற்குச் செல்கிறது. அச்சான்றிதழ் சென்றால்தான் அடுத்த தவணை வரும்.

தணிக்கையாளர் பல மாதங்கள் கழித்து வருகிறார். மஸ்டர் ரோலில் உள்ள தொகை பட்டியலில் உள்ளதா, பட்டியலின் தொகை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார். இப்பணி மிகவும் தேவையானது. அரசியலமைப்பின் 243-ஜெ பிரிவு ஊராட்சிகளின் கணக்குகளையும் தணிக்கையையும் பற்றி மாநிலங்கள் சட்டம் இயற்ற வழி செய்கிறது. ஆனால் மஸ்டர் ரோலில் கைநாட்டு வைத்ததாகக் காட்டப்படும் ஒருவர் அந்த நாளில் ஊரில் இருந்தாரா என்பதைத் தணிக்கையாளர் அறிய வழியில்லை. அதனை அறிந்தவர்கள் அவருடைய அண்டை வீட்டார். ஏட்டை ஏட்டோடு ஒப்பிடத் தணிக்கை போதும். ஏட்டை நடந்ததோடு ஒப்பிட ஊரார் வேண்டும். ஊரார் கையில் ஏடு இல்லை. ஏட்டை வைத்திருப்பவருக்கு ஊர் தெரியாது. பொதுப் பணம் மறைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இராஜஸ்தான் அளித்த படிப்பினை

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றோரின் வரலாறு இராஜஸ்தானத்தைச் சேர்ந்தது. பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் அளித்த பரிந்துரைகளின்படி, 1959 அக்டோபர் 2ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் பஞ்சாயத்து ராஜ்ய முறையைத் தொடங்கி வைத்ததும் அம்மாநிலத்தின் நாகௌரில்தான். அதே மண்ணில், மத்தியப் பகுதியின் வறண்ட சிற்றூர்களில், 1990ஆம் ஆண்டில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பு உருவாயிற்று. வறட்சி நிவாரணப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதே அதன் தொடக்க வழக்கு. கூலி கேட்டவர்களிடம், நீங்கள் செய்த வேலையின் அளவு அவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் உள்ளது என்று கூறப்பட்டது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டனர். அது அலுவலக இரகசியம் என்னும் விடை வந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை அவை கூடியது. ஜன் சுன்வாய் என்று அவர்கள் அதனை அழைத்தனர். அதன் நடைமுறை மிக எளியது. ஊராட்சியின் பதிவேடுகளிலிருந்து பெறப்பட்ட செய்திகள் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. பெயர் குறிக்கப்பட்டவர் எழுந்து, தாம் அந்த வேலைக்குச் சென்றாரா, அந்தக் கூலியைப் பெற்றாரா என்று கூறினார். ஊராட்சித் தலைவரும் அலுவலரும் விடையளிக்க அழைக்கப்பட்டனர். வெளியூரைச் சேர்ந்த பொதுமனிதர்கள் அவையை நடத்தினர். அடுத்தடுத்துப் பல ஊர்களில் இத்தகைய அவைகள் கூடின. வேலைக்கே செல்லாதவர்களின் பெயரால் கூலி எழுதப்பட்டிருந்ததும், முற்றுப்பெறாத கட்டடங்கள் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், தங்கள் பெயர் படிக்கப்பட்டபோது, கற்ற தணிக்கையாளர் காண இயலாததைக் கண்டனர்.

எதிர்ப்பும் எழுந்தது. பதிவேடுகளைத் தர மறுத்து ஊராட்சிச் செயலர்கள் திரண்டதும் உண்டு. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டம் நடைபெற்றது. ‘நம் பணம், நம் கணக்கு’ என்பதே அவர்களது முழக்கத்தின் பொருள். பின்னர் ஊராட்சிப் பதிவேடுகளைப் பார்வையிடவும் நகல் பெறவும் மாநில அரசு விதி செய்தது. தமிழ்நாடு 1997இலும் இராஜஸ்தான் 2000இலும் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு கூலியாளின் பெயர் உள்ள தாளைப் பார்க்க வேண்டும் என்னும் கோரிக்கை பதினொரு ஆண்டுகளில் நாட்டின் சட்டமாக வளர்ந்தது.

அவ்விசாரணைகளின் பின் சில ஊராட்சித் தலைவர்கள் தாம் எடுத்த தொகையை ஊரார் முன்னிலையில் திருப்பிச் செலுத்தியதும் உண்டு. நீதிமன்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அண்டை வீட்டாரின் கண் முன்னே கேட்கப்பட்ட கேள்வி அதனை விரைவில் செய்தது.

சான்றிதழ் யாருடையது?

இங்கு உங்கள் கவனத்திற்குச் சிறப்பாகக் கொண்டுவர விரும்புவது 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை. அட்டவணைப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவுபடுத்தும் அச்சட்டம் பத்து மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்குப் பொருந்துவது. திட்டங்களுக்கான நிதியை ஊராட்சி முறையாகப் பயன்படுத்தியது என்னும் சான்றிதழைக் கிராம சபையிடமிருந்து பெற வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு விதிக்கிறது. செலவிட்டவரே தமக்குச் சான்றளிக்கும் வழக்கத்தை இது மாற்றுகிறது. யாருக்காகப் பணம் வந்ததோ அவர்கள் சான்றளிக்கின்றனர். காடுகளிலும் மலைகளிலும் வாழும் மக்களுக்குச் சட்டம் அளித்த இவ்வுரிமையைச் சமவெளி மக்களில் பலர் இன்னும் பெறவில்லை. அரசியலமைப்பின் 243-ஏ பிரிவு கிராம சபையின் அதிகாரங்களை வகுக்கும் பொறுப்பை மாநிலச் சட்டங்களுக்கே விட்டுள்ளது.

ஊரக வேலை உறுதிக்கென 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் 17ஆம் பிரிவு, எல்லாப் பணிகளையும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வழி வகுத்தது. அத்தணிக்கையை நடத்துவோர் திட்டத்தைச் செயற்படுத்துவோரைச் சாராதவராக இருத்தல் வேண்டும் என்பதை 2011ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தின. ஆந்திரப் பிரதேசம் 2009இல் இதற்கெனத் தனி அமைப்பை நிறுவியது. மேகாலயா 2017இல் பல திட்டங்களுக்கும் பொருந்தும் சமூகத் தணிக்கைச் சட்டத்தை இயற்றியது. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. கூடவே, உள்ளாட்சிகள் மீதான முறையீடுகளை விசாரிக்க ஒம்புட்ஸ்மன் என்னும் நடுவரையும் அமைத்தது. பணம் இறங்கும்போது கேள்வி கேட்கும் அதிகாரமும் உடன் இறங்க வேண்டும் என்பதை அம்மாநிலம் உணர்ந்திருந்தது.

பதினைந்தாவது நிதிக் குழு, கணக்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வெளியிடுவதை மானியம் பெறும் நிபந்தனையாக்கியது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கணினியில் ஏற்றப்பட்ட கணக்கு ஊரார் அறிந்த கணக்கு ஆகிவிடாது. தலைப்பு எண்களோடு வெளியாகும் பட்டியலைக் கூலிவேலை முடித்து வரும் பெண் எவ்வாறு படிப்பாள்? வெளியிடுவது முதற்படி, அவள் மொழியில், அவள் தெருவின் பெயரோடு, அவள் காதில் விழுமாறு கூறுவதே நிறைவு.

கையொப்பமும் அதிகாரமும்

கடமையைப் பற்றிப் பேசும்போது நீதியையும் மறத்தல் ஆகாது. ஊராட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு அரசியலமைப்பு ஒதுக்கியுள்ளது. பல மாநிலங்கள் அதனைப் பாதியாக உயர்த்தியுள்ளன. பதவி மனைவியின் பெயரில், ஆட்சி கணவரின் கையில் என்னும் நிலை பல இடங்களில் காணப்படுவதை நாம் அறிவோம். 2023ஆம் ஆண்டில் மத்திய ஊராட்சி அமைச்சகம் இதனை ஆராயக் குழு ஒன்றையே அமைத்தது. இந்நிலையின் கொடுமை யாதெனில், பணத்தை எடுத்தவர் ஒருவர். காசோலையில் கையொப்பமிட்டவர் மற்றொருவர். விசாரணை வரும்போது சட்டம் கையொப்பத்தையே பார்க்கும். முதன்முறையாக அதிகாரம் பெற்ற பெண்ணும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தலைவரும் பிறர் செய்த தவற்றுக்குத் தண்டனை அடையும் ஆபத்து இதில் உண்டு.

இங்குதான் அலுவலர்களின் கடமை பெரிதாகிறது. கணக்கு விதிகளைப் பல ஆண்டுகளாக அறிந்தவர் செயலர். ஐந்தாண்டுக்கு வந்து செல்பவர் தலைவர். தாம் படித்துக் காட்டாத தாளில் தலைவரின் கையொப்பத்தைப் பெறும் செயலர், தவறு நேரும்போது விலகி நிற்க இயலாது. அளக்காமல் அளவுப் புத்தகத்தில் எழுதும் பொறியாளரும் அவ்வாறே. அரசியல்வாதியின் ஊழல் என்று நாம் பொதுவாகக் கூறுவதில் ஓர் அலுவலரின் கையெழுத்து இல்லாதது மிக அரிது.

வாக்காளர்க்கும் இதில் பங்குண்டு. வாக்குக்குப் பணம் பெறுபவர், தமக்குக் கொடுத்தவர் அதனை எங்கிருந்தேனும் திரும்பப் பெறுவார் என்பதை உணர வேண்டும். பெரும்பொருளைச் செலவிட்டு ஊராட்சிப் பதவியைப் பெறுபவர் அதனை முதலீடாகக் கருதுவதில் வியப்பில்லை. விற்ற வாக்கைக் கொண்டு கணக்குக் கேட்பது கடினம்.

ஆட்சேபங்களும் விடையும்

கணக்கை ஊரார் முன் வைத்தால் கட்சிப் பிணக்குகளே வளரும். தோற்றவர் வென்றவரைப் பழிவாங்கும் மேடையாகக் கிராம சபை மாறும். நேர்மையான தலைவர்களும் அஞ்சிப் பணி செய்யாது ஒதுங்குவர் என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வதந்தி வளர்வது கணக்கு மூடியிருக்கும் இடத்தில்தான். இத்தனை மூட்டை சிமெண்டு வந்தது, இன்னாரிடம் வாங்கியது, இன்ன விலை என்று பலகையில் எழுதிவிட்டால், பொய்ப்பழி சுமத்துபவர் அந்த எண்ணோடு போராட வேண்டியிருக்கும். திறந்த கணக்கே நேர்மையாளருக்குக் கவசம்.

நடைமுறையில் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, ஒவ்வொரு பணியின் மதிப்பீடு, செலவு, பொருள்களின் அளவு, வேலை செய்தோர் பெயர் ஆகியவற்றைப் பணி நடந்த இடத்திலேயே ஊர் மொழியில் எழுதி வைத்தல். இரண்டாவது, கிராம சபையில் மொத்தத் தொகையை மட்டும் படிக்காமல், பெயர்களையும் அளவுகளையும் படித்தல். மூன்றாவது, செலவுக் கணக்கு விவாதிக்கப்படும் கூட்டத்திற்குச் செலவிட்டவரே தலைமை தாங்காதிருத்தல். நான்காவது, எழுப்பப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் விடை தந்து, அதனை அடுத்த கூட்டத்தில் படித்தல். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது சென்று அமருங்கள். கடந்த ஆண்டில் போடப்பட்ட ஒரு சாலையின் கணக்கைக் கேளுங்கள். கேட்டுப் பெற்ற தாளை எழுத்தறியாத முதியோருக்குப் படித்துக் காட்டுங்கள். அலுவலர்களே, அவ்வாறு கேட்க வரும் இளைஞரைக் குறும்பர் என்று எண்ணாதீர்கள். அவர் தம்முடைய பணத்தைப் பற்றிக் கேட்கிறார். பயன்பாட்டுச் சான்றிதழில் கையொப்பமிடும் முன், இதனை ஊரார் முன் உரக்கப் படிக்க என்னால் இயலுமா என்று ஒருமுறை உங்களை நீங்களே கேட்டுக் கொள்ளுங்கள். இயலும் என்றால் கையொப்பமிடுங்கள். இயலாது என்றால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.